பல்லாரி போய் வந்த மாப்பிள்ளை

குண்டக்கல் ஜங்ஷன்,
இரண்டாம் வகுப்பு தங்கும் அறை.

நந்தியாலில் கால் முறிந்து கட்டிலில் இருக்கும் மத்திலேட்டி பாவா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் குள்ளாயப்பா தூரத்திலிருந்தே கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் மகன் ஓபுளேசுவும், புது மருமகள் நாகவேணியும் நலம். நம் சனம் சம்பந்தி வீட்டு விருந்தை முடித்துக்கொண்டுதான் வரும். அவர்கள் வந்து வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் ராத்திரி முகூர்த்தத்திலேயே நடந்துவிட்டது. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், ஆகவே மீதியைப் படிக்கும்போது எழுந்து நிற்க முயலவேண்டாம் பாவா, வைத்தியர் கூடாதென்றிருக்கிறார். அனந்தபுரத்துக்குப் போகும்போது வண்டி இந்தக் குண்டக்கல்லில் நின்றது. இந்த ஊர்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆறு கிடையாது, கோட்டை கிடையாது. வெள்ளைக்காரன் நாலு திசைத் தண்டவாளத்தையும் பொட்டல் வெயிலில் ஒரு முடிச்சாகப் போட்டான், முடிச்சைச் சுற்றி இட்லிக்கடை வந்தது, ஊராகிவிட்டது. நம் பெட்டியில் மிளகாய் மூட்டைக்காரர்கள் ஏறி நெருக்கினார்கள். மாப்பிள்ளையின் பட்டு கசங்கினால் என்னைக் கொன்றுவிடுவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அந்தப் பயத்தில் அவனை முன்னால் காலியாக இருந்த பெட்டியில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். செம்பு நிறைவதற்குள் வண்டி இரண்டாகிவிட்டது. முன்பாதி மாப்பிள்ளையோடு மேற்கே போகிறது. பின்பாதி நம் சனத்தோடு அப்படியே நிற்கிறது.

பெட்டி கழற்றும் பக்கீரப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஏன்யா அழுவுற? முன்னாடி நாலு பெட்டி பல்லாரிக்கு, பின்னாடி உள்ளது அனந்தபுரத்துக்கு. எங்கப்பன் காலத்துலேருந்து இப்படித்தான் கழட்டுறோம்."

"அதுல மாப்பிள்ள இருக்கான்யா!"

"பொண்ணு எங்க?"

"அனந்தபுரத்துல."

"அப்ப வேற மாப்பிள்ள பாத்துக்கச் சொல்லு," என்று பீடியைப் பற்றவைத்தான்.

சனத்தை அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் பல்லாரிக்குப் போன் போட்டார். உங்கள் பிள்ளை தூங்கினால் கோவாவில் கடல் வந்தால்தான் எழுவான். நல்லவேளை, தட்டி எழுப்பி, இரும்புத்தாது ஏற்றி வந்த சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டோடு உட்காரவைத்து அனுப்பினார்கள். சாயங்காலம் வந்து இறங்கியது நம் பையன்தான் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உச்சி முதல் கால் வரை தாதுத் தூள் படிந்து சிவப்பு, பட்டும் சிவப்பு, பல் மட்டும் வெள்ளை.

அப்படியே அடுத்த வண்டியில் அனந்தபுரம் போனோம். எங்களைப் பார்த்ததும் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி பெத்தன்னா மீசையோடு முன்னால் வந்து, "என்னய்யா இது?" என்றார். "எங்க வம்ச வழக்கம் ஐயா. பூமாதேவி பூச்சு," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது பாவா. "வழக்கத்த விடக்கூடாதுப்பா. தாலி கட்டுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது," என்று உத்தரவு போட்டுவிட்டார். பையன் அப்படியேதான் மணையில் உட்கார்ந்தான். பெண் குனிந்த தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்றார்கள், எனக்குச் சந்தேகம். இனி சம்பந்தி கேட்டால், ஆமாம், அது நம் வம்ச வழக்கம்தான் என்றே சொல்லிவிடுங்கள். உங்கள் இளையவன் கல்யாணத்துக்கு அவரே ஒரு கூடை மண் அனுப்புகிறாராம்.

இந்தக் கடிதத்தை இப்போது நந்தியால் வண்டி கார்டிடம் கொடுத்தனுப்புகிறேன். நாங்களும் அதிலேயே வரலாம். ஆனால் உங்கள் கோபம் ஆற ஒரு ராத்திரி வேண்டுமே என்று நாளைக்குத்தான் புறப்படுகிறோம். இருவரும் என் கண்ணெதிரில் உட்கார்ந்து வடை தின்கிறார்கள். இம்முறை கையை விடமாட்டேன், ஆரத்தி கரைத்து வையுங்கள்.

அக்காவுக்கு வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், உங்கள் காலுக்குச் சுகமும், கைக்குப் பொறுமையும் வேண்டி,
நடுங்கும்
குள்ளாயப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டதால் மேலேயே எழுதுகிறேன், மன்னிக்கவும். கார்டைத் தேடிப் போய்த் திரும்பினால் அறையில் வடைப் பொட்டலம் மட்டும் இருக்கிறது. வெளியே ஓடி வந்தால் மேற்கே போகும் வண்டி நகர்கிறது, ஜன்னலில் ஓபுளேசு. "டேய், இறங்குடா! அது பல்லாரி வண்டிடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"தெரியும் மாமா!" என்றான். பக்கத்திலிருந்து மருமகள் கையசைத்தாள்.