டெரெக்கின் கடைசிப் பாட்டு

ஒன்றுமே தெரியாதவன் பேசாமல் இருந்து தப்பிவிடுவான். பாதி தெரிந்தவன்தான் மாட்டுவான். எனக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதுவும் பாதிதான் என்று அப்போது தெரியாது.

டெரெக், லண்டனில் பாண் சுடும் எங்கள் ரொட்டி பக்டரியில் சூப்பர்வைசர். எனக்கு வேலை பழக்கியவர். அவரும் அதிகம் கதைக்கமாட்டார், நானும் கதைக்கமாட்டேன். அதனால் நல்ல ஒற்றுமை. ஒரு நாள் நெஞ்சு வலி வந்து திடீரென்று போய்விட்டார்.

அவருடைய மனைவி மோரீன் என்னைக் கூப்பிட்டார்.

"தகன மண்டபத்தில் பெட்டி திரைக்குப் பின்னால் எரிக்கப் போகும்போது ஒரு பாட்டுப் போடவேண்டும். மெதுவான, சோகமான பாட்டு. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. நீதான் அவரோடு தினமும் நின்றவன். நீயே பார்த்துச் சொல். ஒரு தடவைதான் அனுப்பலாம், பிழை வந்துவிடக்கூடாது."

"நோ ப்ராப்ளம்" என்றேன். (என்ர வாயிலை அண்டைக்குச் சனி இருந்திருக்கு.)

எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத்தில் கேட்ட பாட்டு. எண்பதுகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடிய முதல் பாட்டு. அந்த ஒரு பாட்டோடு உலகமெல்லாம் பெயர் எடுத்தவராம். அண்ணை கசெட் வைத்திருந்தார். சண்டைக் காலம், கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் கையால் பெடலைச் சுற்றுவேன். டைனமோவில் வரும் கரண்டில் கசெட் ரேடியோ பாடும். அந்தப் பெண்ணுக்கு ஆம்பிளைக் குரல். இழுத்து இழுத்து அழுவார். அம்மா ஒருநாள் கண்ணைத் துடைத்தார். "ஆருக்கோ பிள்ளை செத்துப்போச்சுப் போலை."

லண்டன் கடைகளிலும் அந்தப் பாட்டுப் போயிருக்கும். நான் வேறு யாரோ பாடுகிறார் என்று நினைத்திருப்பேன்.

மண்டபத்தில் பாட்டுப் போடும் ஆளிடம் பாடகியின் பெயரைச் சொன்னேன். முதல் பாட்டு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஷுவரா?"

"ஷுவர். வெரி சேட்."

பெட்டி அசைந்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். டும் டும் டும் டும் என்று அடி விழுந்தது. பிறகு ஒரு சின்னப் பெண் துள்ளித் துள்ளிப் பாடினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்பா, இது டான்ஸ் பாட்டு!" என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

"இல்லைப் பிள்ளை. மிஷின் பிழை. ஸ்பீட்டா ஓடுது."

பாட்டுப் போடும் ஆளைப் பார்த்து, மெதுவாகச் சுற்று என்று கையைச் சுற்றிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நான் இன்னும் பெரிதாகச் சுற்றினேன். பின்வரிசையில் இருந்த பக்டரிப் பெடியள் அதை ஆட்டம் என்று நினைத்து, தாங்களும் கையைச் சுற்றத் தொடங்கினார்கள்.

என் மனைவி தொடையில் கிள்ளினாள். "விசரே உங்களுக்கு? கையை இறக்குங்கோ!"

"அந்தப் பாட்டுத்தானப்பா. ஏன் இந்த ஓட்டம் ஓடுறா?"

"அண்டைக்கு ஊரிலை நீங்கள் சைக்கிள் பெடலை மெதுவாச் சுத்தின வேகத்திலைதானே அவ பாடியிருப்பா! இதுதான் அவவின்ர வேகம்!"

அப்போதுதான் விளங்கியது. கையை இறக்கினேன். முன்வரிசையில் மோரீனின் தோள் குலுங்கியது. திரை மூடிவிட்டது. இனி டெரெக்கைத் திருப்பி எடுத்து அனுப்பவும் ஏலாது.

வெளியில் மோரீன் என்னிடம் நேராக வந்தார். முகமெல்லாம் கண்ணீர். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கலியாணத்தன்றுகூட அந்த மனுஷன் என்னோடு ஆடவில்லை" என்றார். "எந்தப் பார்ட்டியிலும் பாட்டுத் தொடங்க எழும்பி வெளியே போய்விடுவார். இன்றைக்கும் அப்படித்தான் போனார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். எது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் மனைவி வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "இவரைப் பாட்டுப் போடுற பக்கம் விடாதேங்கோ." சனம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன கிழமை சாமான் கடையில் அந்தப் பாட்டுப் போனது. அதே துள்ளல், அதே ஓட்டம். தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"சோகப் பாட்டு" என்றேன்.