பூநாரைகளுக்கு மட்டும் விடுப்பு

பறவை இனத்தின் போக்குவரத்தைத் தீர்மானிக்கும் சக்திகள் இவ்வுலகில் இரண்டே. ஒன்று வடகிழக்குப் பருவக்காற்று. மற்றொன்று, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளர் நம்பிராஜன். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோவளம் கடற்கரையில் பூநாரைகள் ஆஜராக வேண்டுமென்று அவர் சுற்றறிக்கை விட்டிருந்தார். அவற்றைப் பார்த்து மகிழ நாற்பது தொழிலாளிகள். மதிய ஷிஃப்டுக்கு முன் நடக்கும் இதற்கு "பசுமை மனமகிழ் முகாம்" என்று பெயர். மகிழ வராதவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலும். முந்தின நாளே வந்துவிட்டது.

பஸ் ஏறும் இடத்தில் கிரேசி அவரை மறித்தாள். உதிரிபாகம் பூட்டும் லைனில் வேலை, வீடு பென்னலூரில்.

"சார், எங்க தெரு பூரா தண்ணி. வூட்டு வாசப்படி வரைக்கும் ஏறிக்கினு கீது. ஸ்கூலுக்கு லீவு வுட்டுட்டாங்க, பொண்ணு சில்வியா தனியா கீறா. இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க சார்."

"ஏம்மா, தூறலுக்கெல்லாம் லீவு குடுத்தா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். ஏறு, ஏறு. மனசு லேசாயிடும்."

கிரேசி ஏறி உட்கார்ந்தாள்.

கோவளத்தில் மனசைத் தவிர எல்லாமே லேசாகிப் பறந்தன. பேனர் பறந்தது, குடைகள் பறந்தன, நம்பிராஜனின் தொப்பி வங்கக்கடலில் கலந்தது. பறக்க வேண்டியது மட்டும் வரவில்லை. பூநாரை என்ன, ஒரு காக்கா கூடத் தட்டுப்படவில்லை.

"பறவைங்களுக்கு இன்னிக்கு நைட் ஷிஃப்டா சார்?" என்றான் பாபு, லைனில் கிரேசிக்குப் பக்கத்தில் நிற்பவன். நம்பிராஜன் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மழைதான் கிட்டத்தில் தெரிந்தது.

எல்லோரும் நனைந்து பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். கிரேசியின் போன் அடித்தது. "அம்மா, தண்ணி உள்ள வந்துடுச்சு. நான் கட்டில் மேல ஏறிக்கினேன்" என்றாள் சில்வியா. முன்சீட்டில் நம்பிராஜன் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கருணை உள்ளம் வெளிப்பட்டது அப்போதுதான்.

"பறவைங்களைக் குத்தம் சொல்லக்கூடாது சார்! காத்து இந்த அடி அடிக்கும்போது, அறிவுள்ள எந்த ஜீவனாவது குஞ்சைத் தனியா விட்டுட்டு வெளியே வருமா? நியாயமான காரணம் சார்... ஷிஃப்டா? அதுல ஒரு குறையும் இல்லை. நாற்பது பேரையும் நேரா லைனுக்குக் கூட்டிட்டு வர்றேன்."

பென்னலூர் திருப்பத்தில் தண்ணீருக்குள் பஸ் ஊர்ந்தது. கிரேசி எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏம்மா! எங்கே போறே? ஷிஃப்ட் இருக்கு!"

"அறிவு கீற ஜீவன் குஞ்சைத் தனியா வுட்டுட்டு வராதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? என்னையும் பறவைன்னு எழுதிக்கோங்க!"

முழங்கால் தண்ணீரில் அவள் விறுவிறுவென்று போவதை நம்பிராஜன் பைனாகுலர் வைத்துப் பார்த்தார். அன்று அவர் கண்ணில் பட்ட ஒரே பறவை அதுதான். வராத பறவைகளையெல்லாம் மனமார மன்னித்த அந்தப் பெருந்தகை, பார்க்கக் கிடைத்த அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு நாள் சம்பளம் பிடித்தார்.