அழியாத மையும் மச்சானுக்கு ஒரு மன்னிப்பும்

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீங்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும். முதலில் ஒரு வேண்டுகோள். நேற்று உங்கள் கிடங்குக்கு லாரியில் அனுப்பிய நூறு பெட்டிகளைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பிரித்திருந்தால் பாட்டிலின் கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டாம். பார்த்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து மேலே படியுங்கள்.

நம் சரக்கில் முக்கால்வாசியை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாகத் தெரியாத பாட்டில் இனி ஒன்றுகூட வேண்டாம் என்று எழுதிவிட்டது உங்களுக்குத் தெரியும். இன்று மூன்று மணிக்கு அவர்களுடைய அதிகாரி சோதிக்க வருகிறார். அவர் தலையை ஆட்டவில்லை என்றால் நாம் இருவரும் பாடுபட்டு நடத்துகிற கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது. நாம் தயாரிப்பது தரை கழுவும் திரவம். எந்தக் கறையையும் எடுக்கும் என்று அட்டையில் நாமே போட்டிருக்கிறோம். அது முதலில் எடுத்த கறை நம் ரப்பர் ஸ்டாம்ப் தேதிதான். மூடியோரம் ஒரு சொட்டு வழிந்தால் போதும், தேதி, மாதம், வருஷம் எல்லாம் போயே போச்சு.

அப்போதுதான் நீங்கள் போனில், "மையே வேணாம் மாப்பிள்ளை, லேசர் வாங்குங்க, அது பொசுக்கி எழுதும், ஜென்மத்துக்கும் அழியாது"ன்னு சொன்னீங்க. உங்கள் வாக்கை நான் தட்டியதுண்டா? முந்தாநாள் காலை வரவழைத்தேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து நம் வெள்ளை பாட்டிலில் அடித்துக் காட்டினார். வெள்ளை மேல் வெள்ளையாக என்னவோ இருந்தது, அதைக் கண்டுபிடிக்க அவருக்கே இரண்டு நிமிஷம் ஆனது. சரி, திரவம் அடைத்த நம் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடியுங்கள் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்தார். நன்றாகத்தான் பொசுக்கியது மச்சான், பாக்கெட்டையும் சேர்த்து! தேதியில் எத்தனை எண்ணோ அத்தனை ஓட்டை, அத்தனை ஓட்டையிலிருந்தும் திரவம் என் கால்சட்டை மேல். பேக்கிங் பெண்கள் பதினொரு பேரும் பார்த்துச் சிரித்தார்கள். "பவரைக் குறைச்சுக்கலாம் சார்"ங்கிறார் அந்த ஆள். குறைத்தார். ஓட்டையும் இல்லை, எழுத்தும் இல்லை.

கால்சட்டை ஈரம் காய்வதற்குள் மத்தியானம் அடுத்தவர் வந்துவிட்டார், மை பீச்சுகிற மெஷினோடு. பாட்டில் பெல்ட்டில் ஓடும், மெஷின் அதைத் தொடாமலேயே கழுத்தில் எழுதிவிடும். நம் திரவத்துக்கு என்றே தனி மை வைத்திருந்தார். "சோதனைக்கு ஏதாவது ஒரு வரி அடிங்க சார், தமிழ்லயும் எழுதும்" என்றார். அந்த நேரத்தில் என் மனசு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஆத்திரத்தில் "மச்சான் யோசனை மகா தண்டம்" என்று அடித்துத் தொலைத்தேன். அதன் கீழே தேதி. வந்து விழுந்த பாட்டிலைத் திரவத்தில் முக்கினோம், துடைத்தோம், நாரால் தேய்த்தோம், தேதி கல்லு மாதிரி நிற்கிறது! சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்று லாரி கிளம்புகிற வரை ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தேதியைத்தான் பார்த்தோம் மச்சான், மேல் வரியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இன்று காலை உங்கள் தங்கை, நான் வீட்டுக்குக் கொண்டுபோன புதுப் பாட்டிலை வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தவள், "ஏங்க, எங்க அண்ணனப் பத்தி பாட்டில்ல என்னமோ போட்டிருக்கே?"ன்னு கேட்டா. ஓடிப்போய் பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தேன், தேதிக்கு மேலே அந்தச் சோதனை வரி! மெஷின் அந்த வரியை மறக்கவே இல்லையாம்! நூறு பெட்டி, பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில், எண்ணிப் பாருங்கள், வேண்டாம், எண்ணாதீர்கள். அந்தப் பாட்டிலைத் தொழிற்சாலைக்கு எடுத்துவந்து எலுமிச்சை, பெட்ரோல், உப்புத்தாள், உங்கள் தங்கையின் நகப்பூச்சு எடுக்கிற திரவம் என்று காலை முழுக்கத் தேய்த்தேன். பாட்டில் தேய்ந்தது. மதியம் வீட்டுக்குப் போனால், "என்னையும் கல்யாணத்துலேர்ந்து அப்படித்தான நெனச்சுட்டிருக்கீங்க"ன்னு அவ அழுதுட்டே சாப்பாட்டை மூடி வெச்சுட்டா. சத்தியமாகச் சொல்கிறேன், உங்களைப் பற்றி அப்படி நினைத்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். மெஷினை இன்றே திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லியாயிற்று. நாளை நானே வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். அதிகாரியிடம் பழைய ஸ்டாம்பையே காட்டுவேன். கம்பெனி போனால் போகட்டும், உறவு பெரிது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு இந்த அசட்டு மாமாவின் ஆசிகள்.

தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அதிகாரி வந்து போய்விட்டார். நான் ஸ்டாம்பைத் தேடுவதற்குள், மேஜையில் இருந்த அந்தத் தேய்த்த பாட்டிலை எடுத்துவிட்டார். கைக்குட்டையால் துடைத்தார், நகத்தால் சுரண்டினார், "இவ்வளவு தேய்ச்சும் நிக்குதே! பிரமாதம்!" என்றார். "சார், அந்த மேல் வரி…" என்று ஆரம்பித்தேன். "அது உங்க விஷயம், எனக்குத் தெளிவா இருந்தாப் போதும்" என்று சொல்லி, அதையே மாதிரியாகப் பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டார். இனி தேதி மட்டும்தான் மாறலாமாம். மற்றபடி ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வருமாம். மெஷினை எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளைத் தாராளமாகப் பிரிக்கலாம். இத்துடன் ஒப்புதல் படிவம் வைத்திருக்கிறேன். பாட்டிலில் உள்ள வாசகம் உண்மை என்று பங்குதாரர்கள் இருவரும் உறுதி சொல்ல வேண்டுமாம். நான் போட்டுவிட்டேன், உங்கள் கையெழுத்துதான் பாக்கி.