ஒன்று புள்ளி நான்கு இரண்டின் பெரும்போர்

"அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் அந்த வெப்சைட் மூடிக்கும்மா."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா பூட்டை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"பூட்டு ஆடுது. நான் எண்ணிக்கிட்டிருக்கேன். நீ பேசினதுல பதினேழா பதினெட்டான்னு போச்சு. இனி முதல்லேருந்து ஆட்டணும்."

வாழ்க, அந்தப் பூட்டை ஆட்டிய கை. மருத்துவமனையின் மூன்றாம் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டுகள் வீற்றிருந்து, காய்ச்சலோடு வந்தவரையும் காய்ச்சல் என்று நம்பி வந்தவரையும் ஒரே டோக்கன் சுருளால் ஆண்ட கை அது. அந்தக் கைக்கு உரியவள், "அவசரம்" என்று பலகையைத் தட்டிய முரட்டு மணிக்கட்டுகளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரே ஒரு பார்வை பார்த்து மடியச் செய்தவள். வரிசையின் நடுவில் நுழைந்தவனை முதுகை வைத்தே அடையாளம் கண்டு வாலுக்கு அனுப்பியவள். நாற்பத்து நான்காம் வயதில் அஞ்சல் வழிக் கல்லூரியில் சேர்ந்து, வணிகம், கணினி நிரல், இயற்பியல், சமூகவியல் என்னும் நான்கு திசைப் பகைவரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், சோற்றுப் பாத்திரம் ஊறிக்கொண்டிருக்கும்போதே, களத்துக்கு வாருங்கள் என்று அழைத்தவள். மூன்றாம் ஜன்னலின் தலைவியே, நீ வாழ்க. உன் திரைச்சீலைக் கம்பி வாழ்க. அதில் ஐம்பது சென்டிமீட்டர் நூலில் தொங்கும் உன் வீட்டுப் பூட்டும் வாழ்க.

நான்கு பகைவரையும் ஒரே நாளில் ஏன் அழைத்தாள் என்று கேட்கலாம். நான்கு பாடத்துக்கும் வீட்டிலிருந்தே செய்து இணையத்தில் ஏற்ற வேண்டிய ஒப்படைப்புகளுக்கு இரண்டு மாதம் இருந்தது. முதல் மாதம் "இன்னும் ஒரு மாதம் இருக்கிறது" என்பதிலேயே கழிந்தது. இரண்டாம் மாதம் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். அந்த வாரமும் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. நான்கில் ஒன்று தவறினாலும் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். பட்டம் தள்ளிப்போனால், பதிவுப் பிரிவு மேற்பார்வையாளரின் சுழல் நாற்காலி, போன வருடம் வேலைக்குச் சேர்ந்து இன்றுவரை "அக்கா, இந்த ஃபாரம் எந்தத் தட்டுல வைக்கணும்?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்டாலும் பட்டம் கையில் வைத்திருக்கும் ஒரு பொடியனுக்குப் போகும். தட்டு எது என்று சொல்லிக்கொடுத்தவள் நின்றுகொண்டிருக்க, கேட்டவன் உட்கார்ந்து சுழல்வான். அந்தச் சுழற்சியைக் கனவில் இரண்டு முறை கண்டுவிட்டாள் தலைவி.

ஆகவே பூட்டு ஆடியது. இடமும் வலமும், வலமும் இடமும், மதம் அடங்கிய யானையின் துதிக்கை போல ஆடியது. இருபது முறை ஆட எவ்வளவு நேரம் என்று கைபேசிக் கடிகாரத்தில் குறித்து, இருபதால் வகுத்து, அதையே ஏழு தடவை செய்து, "ஊசல் ஒன்று ஒருமுறை ஆட எவ்வளவு நேரம்?" என்று கேட்ட இயற்பியல் என்னும் முதல் பகைவனின் கோட்டைச் சுவரில் ஏழு எண்களைப் பொறித்தாள்.

மற்ற இரண்டு கோட்டைகளுக்கான எண்கள் வாரம் முழுக்கச் சேர்ந்திருந்தன. "உங்களுக்குத் தெரிந்த வரிசை ஒன்றை ஆராய்ந்து மேம்படுத்துக" என்றது வணிகம். அவள் தன் வீட்டுக் குளியலறைக்கு வெளியே நிற்கும் வரிசையை எடுத்துக்கொண்டாள். "ஒரு குடும்பத்தில் வீட்டு வேலை எவ்வாறு பகிரப்படுகிறது?" என்றது சமூகவியல்; அவள் தன்னையும், மகளையும், கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வைக்கெல்லாம் அளவெடுக்கும் கணவரையும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கொழுந்தனையும் ஏழு நாள் கடிகாரம் வைத்துப் பின்தொடர்ந்தாள். கொழுந்தன் ஒரு தட்டைக் கழுவும்போதுகூட, "அண்ணி, ஆரம்பிச்சுட்டேன், குறிச்சுக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பான்.

எஞ்சியவன் நிரல் என்னும் நாலாம் பகைவன். சராசரி கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுது என்பது அவன் கட்டளை. அப்போதுதான் தலைவியின் உள்ளத்தில் அந்த மாபெரும் போர்த்தந்திரம் உதித்தது. நாலாமவனை வென்று, அவன் கையாலேயே மற்ற மூவரையும் வீழ்த்தினால் என்ன? ஒரே நிரல், எல்லாப் பாடத்துக்கும் அதுவே சராசரி எடுக்கட்டும்.

கணினி அறிவியல் படிக்கும் மகளிடம் ஓலை அனுப்பினாள். அதாவது, அடுத்த அறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நான் எழுதித் தரமாட்டேன்," என்றாள் மகள். "அஞ்சாங்கிளாஸ்ல நான் எரிமலை செஞ்சப்ப, உன்னோடதை நீயே செய்னு சொன்னது யாரு? அது பாதியில அணைஞ்சு போச்சு, ஞாபகமிருக்கா?"

"பழிவாங்குறியா?"

"வளர்ப்பு அப்படி."

துணைப்படை இல்லாமலே தலைவி நிரலுக்குள் புகுந்தாள். பதினான்காம் வரியில் பிழை என்று கணினி முழங்கியது. பதினான்காம் வரியைப் பார்த்தாள். குளித்துத் தலைவாரிப் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை போல அது சுத்தமாக நின்றது. அழித்தாள், அதையே மறுபடி எழுதினாள், அது மறுபடி முழங்கியது. மூன்றாம் முழக்கத்தில் அவளுக்குள்ளிருந்த பதிவு ஜன்னல் விழித்தது. வரிசையில் கத்துகிறவன்மேல் தப்பு இருப்பதில்லை. அவனுக்கு முன்னால் நிற்பவன்தான் எதையோ மறந்துவிட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருப்பான். பதின்மூன்றாம் வரியைப் பார்த்தாள். அங்கே ஓர் அடைப்புக்குறி திறந்தபடி, மூட ஆளில்லாமல், கோட்டைக் கதவு போலக் கிடந்தது. மூடினாள். முழக்கம் ஓய்ந்தது. நிரல் பணிவோடு கேட்டது: எந்தக் கோப்பு?

இங்கேதான், கேட்போரே, விதி தன் காலை நீட்டிப் படுத்திருந்தது.

மருத்துவமனையில் ஒவ்வொரு ஜன்னலும் காலையில் ஒன்றாம் டோக்கனில்தான் தொடங்கும். முதல் ஜன்னலுக்கும் ஒன்று, ஏழாம் ஜன்னலுக்கும் ஒன்று. யாரும் குழம்பியதில்லை, ஏனென்றால் எந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த ஜன்னலின் ஒன்றுதான் நம் முன்னால் வந்து நிற்கும். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் தலைவி தன் கணினியையும் அப்படியே ஆண்டாள். இயற்பியலுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் "1" என்று ஒரு கோப்பு. குளியலறை வரிசைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள்ளும் "1". வீட்டு வேலைக்கு ஆளுக்கொரு ஃபோல்டராக நான்கு, நான்கிலும் "1". நிரலை மட்டும், அப்போது திறந்திருந்தது அதுதான் என்பதால், இயற்பியல் ஃபோல்டரிலேயே வைத்தாள்.

எந்தக் கோப்பு என்று அது கேட்டதும் ஒன்று என்று தட்டினாள். 1.42 என்றது. பூட்டு ஒருமுறை ஆட 1.42 வினாடி. புத்தகச் சூத்திரமும் அதையே சொன்னது. இயற்பியல் வீழ்ந்தான்.

குளியலறை ஃபோல்டரைத் திறந்து திரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்று என்று தட்டினாள். எந்த ஃபோல்டர் திரையில் விரிந்து கிடந்தால் நிரலுக்கு என்ன? அது தன் வீட்டை விட்டு நகராத நிரல். தன் பக்கத்திலேயே கிடந்த பூட்டுக் கோப்பை மறுபடி எடுத்து, 1.42 என்றது.

தலைவியின் புருவம் சற்றே உயர்ந்தது. தன் கணக்கைத் திறந்து தட்டினாள்: 1.42. மகளின் கணக்கு: 1.42. கொழுந்தன்: 1.42. கணவர்: 1.42.

வேறொருத்தியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். நம் தலைவிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆடும் பூட்டும், காத்திருக்கும் மனிதரும், கழுவப்படும் தட்டும் ஒரே எண்ணை உச்சரிக்கின்றன. நான்கு துறைகளும் நான்கு ஆறுகளாக ஓடிவந்து அவளுடைய சாப்பாட்டு மேசையில் சங்கமமாகின்றன. இத்தனை நூற்றாண்டுகளாக அறிஞர்களுக்குப் பிடிபடாதது, பாத்திரம் ஊறுகிற இடைவெளியில் தனக்குப் பிடிபட்டதே என்று நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள். மடைதிறந்த வெள்ளமாக எழுதினாள். வணிகத்துக்கு: "இவ்வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு, இத்தகைய மின்னல் வேகச் சேவையில் மேம்படுத்த ஏதுமில்லை." சமூகவியலுக்கு: "நால்வரும் நாளொன்றுக்குச் சரியாக 1.42 மணி நேரம் உழைக்கின்றனர். இக்குடும்பத்தில் சமத்துவம் மலர்ந்துவிட்டது. ஊசலும் குடும்பமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை."

கணவர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சமத்துவம் என்ற சொல்லில் அவர் பார்வை நிலைத்தது.

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார். "என்ன செய்யறேன்னு வெளியே தெரியாது. ஆனா செய்யறேன்." நெஞ்சு ஓரங்குலம் அகன்றது. தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். தம்பி படித்துவிட்டு, "நாலு நாள் நான் வீட்லயே இல்லையே அண்ணி," என்றான். "நல்ல விஷயத்தைக் கெடுக்காதே," என்றார் அண்ணன்.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு மகள், எழுதித் தரமாட்டேன் என்றாளே தவிர படித்துப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை என்பதால், வந்து உட்கார்ந்து படித்தாள். வணிகத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அம்மா, பாத்ரூமுக்கு நாம ஒன்றரை நிமிஷம்கூட நிக்கிறதில்லையா?"

"கணக்கு அப்படித்தான் வருது."

"இன்னிக்குக் காலையில சித்தப்பா உள்ளே போனாரு. நான் வெளியே நின்னு பல்லு விளக்கி, காபி குடிச்சு, மறுபடி பல்லு விளக்கினேன்."

மகள் நிரலைத் திறந்தாள்; அது குடியிருந்த இடத்தைப் பார்த்தாள்; ஆறு ஃபோல்டரிலும் இருந்த ஆறு ஒன்றுகளையும் பார்த்தாள். பிறகு தன் தாயை, எரிமலைக் காலத்துப் பகையெல்லாம் உருகிப்போன ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, அது ஆறு தடவையும் பூட்டைத்தான் எண்ணியிருக்கு."

இடி விழுந்த பனையைக் கண்டிருக்கிறீர்களா? ஒரு கணம் அப்படியே நிற்குமாம். தலைவியும் நின்றாள். சங்கமித்த ஆறுகள் நான்கும் பின்வாங்கின. அறிவின் பேரொருமை ஆவியாகி மின்விசிறியில் சுற்றி மறைந்தது. ஐந்து மணிக்கு முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம். தூரத்தில் எங்கோ ஒரு சுழல் நாற்காலி கிரீச்சிட்டது அவளுக்கு மட்டும் கேட்டது.

பிறகு அவள் கைகளை உதறிவிட்டுக்கொண்டாள். பஸ் கவிழ்ந்து நாற்பது பேர் ஒரே நேரத்தில் பதிவுக்கு வந்த நாளில் உதறிய அதே உதறல். "ஒண்ணொண்ணா வாங்க," என்று கோப்புகளைப் பார்த்துக் கட்டளையிட்டாள். பேர் மாற்றினாள்: பூட்டு, பாத்ரூம், நான், பொண்ணு, தம்பி, அவர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்து, ஒவ்வொன்றாக நிரலின் வாயில் கொடுத்தாள். நிரல் மென்று மென்று உண்மையைத் துப்பியது. குளியலறைக் காத்திருப்பு ஒன்பதரை நிமிடம். மேம்படுத்த நிறைய இருக்கிறது என்று விரல் பறக்க எழுதினாள். உள்ளே பேப்பர் கொண்டுபோகத் தடை, கதவில் ஒரு கடிகாரம். வணிகம் வீழ்ந்தான். நிரலும் இயற்பியலும் இணையத்தில் ஏறின. மணி நாலு நாற்பத்தாறு.

சமூகவியல் மட்டும் தனியே நின்றான்.

நான்: நாளுக்கு ஐந்து மணி பத்து நிமிடம். பொண்ணு: ஒரு மணி பதினெட்டு நிமிடம். தம்பி: ஐம்பத்து நான்கு நிமிடம், அதுவும் மூன்றே நாளில் செய்தது. அவர்: பன்னிரண்டு நிமிடம்.

கணவர் குனிந்து பார்த்தார். கடையில் அட்டையின் கடைசி வரி எழுத்தைப் பத்தடி தள்ளி நின்று படிப்பவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது.

"பல்பு மாத்தினேனே," என்றார்.

"அது போன மாசம்பா," என்றாள் மகள்.

"இவனைவிடவா நான் கம்மி? நாலு நாள் இவன் வீட்லயே இல்ல."

கொழுந்தன் கூரையைப் பார்த்தான். "அண்ணா, நல்ல விஷயத்தைக் கெடுக்காதீங்க."

தலைவி எதையும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். சமத்துவம் மலர்ந்த வரிகளை வேரோடு பிடுங்கி எறிந்தாள். ஐந்து மணி பத்து நிமிடம் என்று தன் எண்ணைத் தட்டியபோது மட்டும் விரல் ஒரு நொடி நின்றது. ஏழு நாளும் குறித்தவள் அவள்தான். கூட்டிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. நின்ற விரல் மறுபடி ஓடியது. அச்சு இயந்திரம் ஒற்றைத் தாளை நாக்கு நீட்டுவதுபோல நீட்டியது. ஏனெனில் சமூகவியல் ஆசிரியர் நான்கு பகைவரிலும் கொடியவர்: ஆராயப்பட்டவர் ஒவ்வொருவரும் "என்னைப் பற்றிய இந்தத் தகவல் உண்மை" என்ற வரிக்கு எதிரே தம் கையால் ஒப்பமிட்டு, அந்தத் தாளின் படத்தையும் சேர்த்தாலன்றி அவர் கோட்டைக் கதவு திறக்காது.

தலைவி ஒப்பமிட்டாள். மகள் ஒப்பமிட்டாள். கொழுந்தன், தன் ஆயுளின் மிக அழகான கையெழுத்தை, வால் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து இட்டான். மணி நாலு ஐம்பத்தாறு. கணவர் பால்கனிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிக நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது, பத்தொன்பது ஆண்டு ஜன்னல் ஆண்டவளும், பூட்டை ஆட்டி நேரத்தை அளந்தவளும், பதின்மூன்றாம் வரியின் கதவை அடைத்தவளும், மூவரை வீழ்த்தி, எஞ்சிய சமூகவியலின் வாயிலில் நான்கு நிமிடத்தோடு நிற்பவளுமாகிய தலைவி, ஒரு கையில் வெண்கொடி போலத் தாளையும் மறுகையில் உருவிய வாள் போலப் பேனாவையும் ஏந்தி, ஈரத்துண்டு ஒன்றைப் படுதாவை விலக்குவதுபோல் விலக்கி, பால்கனி வாசலில் வந்து நின்று, வாய் திறந்தாள்.

"ஏங்க, இதுல ஒரு கையெழுத்து போடுங்க."