மலைச்சாமியின் பாத்தி

"பூஜ்யம்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவி கௌசல்யா. "உங்க ப்ரோக்ராம் பாதி மருந்து மிச்சமிருக்கும்னு சொல்லுது. மண்ணுல வாசனைகூட இல்ல."

பவுல்ராஜ் அவர் நீட்டிய தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மண்ணில் விழுந்த பூச்சிமருந்து எவ்வளவு காலத்தில் சிதையும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சொல்வது அவன் வேலை. சொன்னது வயலில் பலித்தால் வேலை நீடிக்கும். பலிக்காவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு.

வயல், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் மலைச்சாமியின் கத்தரித் தோட்டம். அவர் மனைவி பொன்னழகின் ஆபரேஷனுக்கு பவுல்ராஜ் ரத்தம் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அவனைக் கண்டாலே மலைச்சாமி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுவார். பரிசோதனைக்கென்று ஒரு மூலைப் பாத்தியையும் விட்டுக்கொடுத்திருந்தார்.

பவுல்ராஜ் மறுபடி மருந்தடித்தான். இந்தத் தடவை இரண்டு மடங்கு. மலைச்சாமி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இதுவும் மண்ணவிட்டுப் போவணுமா சார்?"

"போகணும்ணே. அது போறதை வச்சுத்தான் என் சோறு."

"அம்புட்டுத்தானே? போயிரும். வெசனப்படாதீக."

அடுத்த வாரம் மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். பூஜ்யம்.

வயலை மாற்ற முடியாது, ப்ரோக்ராமை மாற்றலாம். பவுல்ராஜ் வெயிலைக் கூட்டினான். ஈரத்தைக் கூட்டினான். மருந்தைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கல்யாணப் பந்தி அளவுக்குக் கூட்டி வந்து, பசியோடு உட்காரவைத்தான். கடைசியில் கம்ப்யூட்டரும் பூஜ்யம் என்றது.

கௌசல்யாவுக்கு வாயெல்லாம் பல். சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால் அவனை நிறுத்தினார்.

"இந்த மண்ணுல இந்த மருந்து ஒரே வாரத்துல காணாமப் போயிடும்," என்று மைக்கில் அடித்துப் பேசினான் பவுல்ராஜ். "என் பழைய கணக்கு தப்பு. அதை அழிச்சிட்டேன்."

கைதட்டினார்கள். "எங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மூணு வருஷம் நீட்டிச்சிடலாம்."

அவர்கள் முன்னாலேயே அதே பாத்தியில் மருந்தடித்தான். ஒரு வாரம் கழித்து அவர்கள் முன்னாலேயே மண்ணை அள்ளிச் சோதித்தான்.

"பாதி இருக்கு," என்றார் கௌசல்யா. "சரியாப் பாதி. நீங்க மொதல்ல சொன்ன அதே பாதி!"

"அதைத்தான் அழிச்சிட்டேனே மேடம்."

அதிகாரிகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் பொன்னழகு, கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு.

"அவுகளுக்குக் காலெல்லாம் கொப்புளம் சார், படுத்துக்கெடக்காக. உங்க வேலை நெலைக்கணும்னு பழனிக்கு நடந்து போய்ட்டு நேத்துத்தான் வந்தாக."

பவுல்ராஜ் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவனுக்காக இதுவரை யாரும் தெருமுனை வரைகூட நடந்ததில்லை. வேலை போனால் போகட்டும் என்றே ஒரு கணம் தோன்றியது.

"ரொம்ப நன்றிக்கா. இதுக்கு நான் என்ன செய்யப்போறேன்!"

"நீங்கதான் மன்னிக்கணும் சார். போன ரெண்டு வாட்டியும் நீங்க அந்தப் பக்கம் போனதும் மருந்து பட்ட மண்ணையெல்லாம் வெட்டி அள்ளிட்டுப் புது மண்ணு கொட்டி வச்சாக. இந்த வாட்டி அவுக ஊருல இல்லாமப் போய்ட்டாகளே!"