சம்பந்திக்கு மேலே ஒரு மேசை

அன்பு மகன் வேல்முருகனுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து உன்னைப் பெற்ற கற்பகம் எழுதுவது. இங்கே நானும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ போனில் சொல்கிறாய், நம்பிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் பெண்டாட்டி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சொல்லப்போவது அவளைப் பெற்ற மகராசியைப் பற்றி. அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்தை டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தூக்கிக் காட்டுவார். எழுத்துப் புரியவில்லை என்று நீ தப்பிக்க முடியாது.

எர்ணாகுளத்தில் கட்டடப் படிப்புப் படிக்கிற உன் மகள் செல்வப்பிரியா, ஹாஸ்டலை விட்டுத் தனி வீடு எடுக்கிறாள். துணைக்கு ஒரு பாட்டி வேண்டுமாம். அப்பனைப் பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளையோ, "ரெண்டு பேரும் ஒருநாள் வாங்க, ஊரச் சுத்திப் பாப்போம், அப்பறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டது. சம்பந்தி மூக்கம்மாளுக்குச் சித்திரபுரத்திலிருந்து நேரே எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில் போக வழியில்லையா? அவள் ஊர் இருக்கிற இடுக்கியில் ரயிலே கிடையாது, ஒரு தடவையாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே என் வீட்டில் வந்து இறங்கிவிட்டாள். ஒலவக்கோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினதும், "மொதத் தடவ ஏறுதேன்" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், ஜன்னலோரம் இருந்த ஆள் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் ரயிலில் போய்வந்த எனக்கு நடைபாதையோரம். "அந்தா மயிலு சம்பந்தி! அந்தா எம்மாம் பெரிய ஆறு!" என்று அவள் காட்டக் காட்ட, நான் எர்ணாகுளம் வரை பார்த்தது அவளுடைய கொண்டையைத்தான்.

பிரியா முதலில் காட்டியது மூலையே இல்லாத வீடு. முட்டைக்குள் போன மாதிரி இருந்தது. "பீரோவ எங்க சாமி வெப்பாங்க?" என்று கேட்டேன். பிள்ளை சிரித்தது. அடுத்தது, கூடத்து நடுவில் நிற்கும் பலாமரம் கூரையைத் தாண்டிப் போகிற வீடு. மூக்கம்மாள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மழத்தண்ணி மரத்தோடயே எறங்கி வந்துராதா?" என்றாள். "அம்மாச்சி! எங்க சாரும் இதையேதான் கேட்டாரு!" என்று பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டது. வேலு, நீயே சொல், பீரோவும் நல்ல கேள்விதானே?

மத்தியானம் போன காபிக்கடைதான் என் மானத்தை வாங்கியது. செங்கல்லில் கட்டின உருண்டைக் கோபுரம். உள்ளே படியும் கிடையாது, மாடியும் கிடையாது. நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவு, சுவரோரம் மேசைகள், ஒன்றைவிட அடுத்தது உயரம். கட்டின மனுஷனுக்குச் சம்பந்தி யாரும் இல்லை போலிருக்கிறது. மேசைக்கு இரண்டு பேர்தான் என்பதால் பிரியாவும் நானும் உட்கார்ந்தோம். மூக்கம்மாள் அடுத்ததில் போய் உட்கார்ந்தாள், மேலே! மாப்பிள்ளையைப் பெற்றவள் தலைக்கு நேரே பெண்ணைப் பெற்றவள் கால்! நான் எழுந்து அவளைத் தாண்டி அதற்கும் மேல் மேசைக்குப் போனேன். "அங்கன காத்து வருதோ?" என்று அவள் என்னைத் தாண்டினாள். "இங்க வெளிச்சமா இருக்குதுங்க சம்பந்தி" என்று நான் அவளைத் தாண்டினேன். கீழேயிருந்து பிரியா, "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்துகிறாள். கட்லெட் தட்டோடு எங்கள் பின்னாலேயே ஏறிவந்த சர்வர், "அம்மமாரே, இனி மேலே ஆகாசமாணு!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இதற்கு மேலே வானம்தானாம். உச்சியில் ஒரே ஒரு மேசை. வேறு வழியில்லாமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வயசுக்காலமெல்லாம் எஸ்டேட் சரிவில் கொழுந்து கிள்ளினவள், மூச்சுக்கூட வாங்கவில்லை. சமதரையில் நாற்று நட்ட நான், கீழே பார்த்ததும் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசியில் என் வாயாலேயே, "ஏனுங்க சம்பந்தி, கொஞ்சம் கையக் குடுங்க" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

"குதிங்கால ஊனி வாங்க. கீழ பாக்காதிய, எம் முதுகப் பாருங்க" என்று அவள் முன்னால் இறங்கினாள். மறுபடியும் அதே கொண்டை! அதை போட்டோ வேறு எடுத்து பிரியா குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறாள். அவள் ராணி மாதிரி முன்னால், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

ஆகையால் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, துணைக்கு அப்பத்தாதான். அந்த மகராசியோடு இனி நான் ஒரே ரயிலில் ஏறுவதாக இல்லை. வேளைக்குச் சாப்பிடு. மாரியாத்தா உன் குடும்பத்தை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். உன் மாமியாரையும்தான், வேறென்ன செய்வது.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பிரியா போன் செய்தாள். வீடு கிடைத்துவிட்டது, மூணாவது மாடி, லிப்ட் இல்லை. மலைக்கால் உள்ளவளே போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி, "அம்மாச்சியவே கூப்ட்டுக்க சாமி" என்றேன். "அவங்க காலைலயே போன் பண்ணிட்டாங்க அப்பத்தா. 'பாவம், ஆசப்பட்டுட்டாக, அவுகளே வரட்டும்'னாங்க" என்கிறாள். பார்த்தாயா, விட்டுக்கொடுப்பதிலும் அவள் எனக்கு மேலே ஒரு மேசை! விடுவேனா? ரெண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். படி இறங்க எனக்கும் ஒரு முதுகு வேண்டுமே. உடனே இரண்டு டிக்கெட் போடு. ஜன்னலோரம் எனக்கு. பாதி வழி, திருச்சூர் வரைக்கும். அப்புறம் அவள் பார்க்கட்டும்.