இடி விழ வேண்டிய இடத்தில் சேவல்

ஒரு காரியம் சரியாக நடந்துவிட்டால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சொதப்பினால் கவலையில்லை. அது எனக்குப் பழகிய இடம், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வேன். சரியாக நடந்தால்தான், அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வருமோ என்று சுற்றுமுற்றும் பார்க்கத் தோன்றும். இது பிறவியிலேயே வந்த புத்தியில்லை. ஒரு புனித வெள்ளியன்று, கோயம்புத்தூரில் எங்கள் பங்குக் கோயில் மைதானத்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பகலில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை, மனசுக்குள் டிஜே. (மனசுக்குள் மட்டும்தான். வெளியே ஒரு நாதியும் கூப்பிடவில்லை.) காந்திபுரத்தில் ஒரு கடையில், செகண்ட் ஹேண்டாக ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கி வந்தேன். பொத்தானும் குமிழும் இழுவைப் பட்டையுமாக ஒரு பலகை. அதற்குள் பாட்டு எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் லேப்டாப்புக்கு ஓர் எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். புது கன்ட்ரோலர் என்றால் சாஃப்ட்வேருக்கே அடையாளம் தெரியும். என்னுடையது தயாரிப்பை நிறுத்திப் பல காலமான மாடல், சாஃப்ட்வேர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பொத்தானாக, 'இதை அழுத்தினால் இதைச் செய்' என்று நானே சொல்லித்தர வேண்டும். அதற்கு மிடி மேப்பிங் என்று பெயர்.

வழி சுலபம். திரையில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, 'லேர்ன்' என்பதை அழுத்திவிட்டு, கன்ட்ரோலரில் எதைத் தொடுகிறோமோ அதற்கு அந்த வேலை ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் லேர்னை அணைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை நானும் படித்தேன். படித்தேன் என்பதற்கு மேல் வேறெதுவும் சொல்வதற்கில்லை.

இனி எங்கள் வீட்டைப் பற்றி. அப்பா இல்லை. அம்மா, நான், அக்கா ரீட்டா. அக்காவுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது. வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் காபி குடித்து, முறுக்கைக் கடித்து, செருப்பு மாட்டும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க." எங்கள் பக்கத்தில் யாரும் மூஞ்சிக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இந்த வாக்கியம்தான் வேண்டாம். அதைக் கேட்ட நாட்களில் அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வாள்.

அந்த நிலையில்தான் தாராபுரத்திலிருந்து சகாயம் வந்தார். விதைக்கடை வைத்திருந்தார். ஒல்லி, தாடி, அநியாயத்துக்கு மரியாதை. வழியில் ஆடு நின்றால் அதனிடமும் "சித்த தள்ளுங்க" என்பார். அக்காவுக்குப் பிடித்துவிட்டது, அவருக்கும் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை. "ஈஸ்டர் கழியட்டுமுங்க, பொறவு ஒரு முடிவாச் சொல்றோம்" என்றுவிட்டார். எங்கள் அம்மா அன்றிலிருந்து செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

அந்த வருஷம் பார்த்து, எங்கள் பங்கில் புனித வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் படும் பாடுகளைக் காட்டும் நாடகத்தில் வழக்கமாக இயேசுவாக நடிப்பவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. ஃபாதர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அம்மா சகாயத்தின் பெயரை எடுத்துவிட்டாள். பையன் நடித்தால் அவன் அம்மா பார்க்க வருவார், நாலு பேரோடு பேசுவார், மனசு இளகும் என்று கணக்கு. நாடகத்துக்கு இடிச் சத்தம் எழுப்ப அதுவரை தகரத்தைத்தான் ஆட்டுவார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "தகரமெல்லாம் எதுக்குங்க ஃபாதர், நான் டிஜிட்டல் இடி தாரேனுங்க" என்றேன். அந்த வாயில் வசம்பு வைத்துத் தேய்த்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டே வேலை. சீடர் இராயப்பர், இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததும் ஒரு சேவல். ஆண்டவர் உயிர்விடும்போது ஓர் இடி. ஒரு பொத்தானில் அது, பக்கத்துப் பொத்தானில் இது. ஆனால் அது தவக்காலம், ஈஸ்டர்வரை நோன்பு. அம்மா வீட்டில் டிவியையே துணி போட்டு மூடியிருந்தாள்.

"நோம்பு முடியறவரைக்கும் ஊட்டுல பாட்டுச் சத்தம் கேக்கக்கூடாது கண்ணு."

"பாட்டு இல்லீங்மா, இடி."

"இடியும் கூடாது."

"ஹெட்போன் போட்டுக்கறேனுங்மா."

"காதுல மாட்டிக்கிட்டா மட்டும் ஆண்டவருக்குக் கேக்காதாக்கு?"

ஆகவே, உலகத்திலேயே சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டு சத்தத்துக்கு மேப்பிங் செய்த ஒரே டிஜே நான்தான். பொத்தானில் விளக்கு எரிந்தால் இடி இடித்ததாக அர்த்தம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கோயிலிலாவது ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்றால், வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு ஈஸ்டர்வரை கோயில் மணியே அடிக்கமாட்டார்கள். ஃபாதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மணியவே நிறுத்திப்போட்டோம். நீ இடிய வெச்சுச் சோதன பண்ணோணுமா?" என்றார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் சகாயத்தின் அம்மா, வெள்ளைச் சேலையில், இறுகிய முகத்தோடு. அக்கா நீல முக்காடு போட்டு, அழும் பெண்களில் ஒருத்தியாக மேடையோரம் நின்றாள். மேடைக்குப் பக்கவாட்டில் என் மேஜை.

இராயப்பர் மூன்றாம் முறை மறுதலித்தார். பொத்தானை அழுத்தினேன். மூச்சில்லை. மறுபடி அழுத்தினேன். விளக்கு எரிந்தது, சேவல் கூவவில்லை. (அதாவது, இத்தனை நாளும் விளக்குக்குத்தான் மேப்பிங் செய்திருக்கிறேன்.) இராயப்பர் பாவம், "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று நாலாம் முறையாக, வேதத்தில் இல்லாத மறுதலிப்பு ஒன்றைச் சொல்லி நேரம் வாங்கிக்கொடுத்தார். நான் மேப்பிங் ஜன்னலைத் திறந்து, சேவலைத் தேர்ந்தெடுத்து, லேர்னை அழுத்தி, பொத்தானைத் தொட்டேன்.

கொக்கரக்கோ! கணீரென்று, மைதானம் அதிர. இராயப்பர் ஓவென்று அழுதார், நிஜமாகவே. ஃபாதர் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சகாயத்தின் அம்மாகூடப் பக்கத்தில் இருந்தவரிடம், "நெசச் சேவலாட்டவே இருக்குதுங்க" என்றது என் காதில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பிலேயே நாடகத்தின் குறிப்பைத் திரையில் திறந்தேன். அது மேப்பிங் ஜன்னலை மறைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் லேர்ன் அணையாமல் இருந்தது. அதாவது, இனிமேல் நான் எதைத் தொட்டாலும் சேவல்.

இது எனக்குத் தெரியாது.

சிலுவையை நட்டார்கள். சகாயத்தின் இரண்டு கையும் கயிற்று வளையத்தில், காலுக்கடியில் ஒரு சாண் பலகை, முள்முடிக்குள் மைக். உடம்பு நிஜமாகவே நடுங்கியது. (உயரம் என்றால் பயம் என்பதை மரியாதைக்காக யாரிடமும் சொல்லவில்லை.) மைதானத்தில் விசும்பல் கேட்டது. கடைசி வசனத்தைச் சொல்லித் தலையைத் தொங்கப்போட்டார். நான் இடியை அழுத்தினேன்.

கொக்கரக்கோ.

தொங்கிய தலை மெல்ல நிமிர்ந்தது. இடி விழுந்தால்தான் செத்ததாகக் கணக்கு என்று ஃபாதர் சொல்லியிருந்தார், அவரும் சொன்ன பேச்சு தட்டாதவர். கடைசி வசனத்தை இன்னொருமுறை சொன்னார். நான் வேறொரு பொத்தானை அழுத்தினேன். கொக்கரக்கோ. குமிழைத் திருகினேன். கொக்கரக்கோ. சரி, சத்தத்தையாவது குறைப்போம் என்று இழுவைப் பட்டையைக் கீழே இழுத்தேன். அது ஒரு நூலளவு நகர்ந்தாலும் ஓர் எண்ணை அனுப்பும் சாதனம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சேவல் எழுந்தது. கொக்கொக்கொக்கொக்கரக்கோ என்று ஒரு பண்ணையே எருசலேமுக்குள் நுழைந்தது. நிஜச் சேவல் ஒன்று ஃபாதர் வீட்டுக் கொல்லையிலிருந்து பதில் சொன்னது.

அப்போது சிலுவையின் மேலிருந்து, முள்முடி மைக்கில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி, என்னைப் பார்த்து ஒரு பணிவான குரல் வந்தது.

"ஏனுங்க மாப்ள, நான் இப்பச் சாகலாமுங்களா, இன்னும் சித்த இருக்கோணுமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. புனித வெள்ளியன்று சிரிக்கக்கூடாது. அத்தனை பேரும் வாயை முந்தானையாலும் துண்டாலும் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சகாயத்தின் அம்மா மட்டும் குலுங்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அக்காவின் கல்யாணம் அதிலிருந்து இறங்கிப் போவது தெரிந்தது.

அழும் பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் வெளியே வந்தாள். அக்கா. முக்காடு நழுவ, நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"கெரகம் புடிச்சவனே, அவருக்குக் கை இத்துப்போச்சுடா" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

டொம்ம்! ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரில் வயரைப் பிடுங்கினால் அப்படித்தான் வெடிக்கும். மைதானம் ஒரு குலுக்குக் குலுங்கியது. சகாயம் நன்றியோடு உயிரை விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. நாடகம் முடிந்து நோன்புக் கஞ்சி ஊற்றும் இடத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொருவராக வந்து, "பரவால்லீங்க தம்பி, சேவல் நெம்ப நல்லாக் கூவுச்சுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சகாயத்தின் அம்மா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்து, எங்கள் அம்மாவிடம் வந்து கும்பிட்டார். "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார்.

அன்றைக்கு அக்கா வீட்டில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் கஞ்சியைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். சனிக்கிழமை முழுக்க அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் காலையில் வாசலில் வேன் நின்றது. முதலில் இறங்கியவர் சகாயத்தின் அம்மா, கையில் பூவும் பழமும் வைத்த தட்டோடு. இரண்டு தோளிலும் வலி மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு பின்னால் சகாயம். அந்த அம்மா உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார். "எனக்கு இப்பவும் மனசே இல்லீங்க. இவன்தான் ஒத்தக்கால்ல நிக்கறான்" என்றார்.

சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அத்தன பேரும் நான் தொங்கறதப் பாத்துட்டுத்தானுங்க உக்காந்திருந்தாங்க. எங்கம்மாவுங்கூட. இவங்க ஒருத்தருதான் எந்திரிச்சு வந்து என்னைய நிம்மதியாச் சாக வெச்சாங்க. கட்டுனா இவங்களத்தானுங்க கட்டுவேன்."

அக்கா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். உள்ளே அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணத்தில் என்னைப் பிளக் பாயிண்ட் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். பங்கில் தகரம் திரும்பிவிட்டது. எனக்கு மேப்பிங் இப்போது நன்றாகவே வரும். செய்து முடித்து லேர்னை அணைப்பேன், அணைந்ததா என்று பார்ப்பேன், மறுபடி திறந்து அணைப்பேன். அப்படியும் டிஜே என்று யாரும் கூப்பிடவில்லை.

மச்சான் ஒவ்வொரு தடவை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் வாசலில் நின்று, "மாப்ள, நான் போலாமுங்களா, இன்னும் சித்த இருக்கோணுமுங்களா?" என்று கேட்பார். பஸ் ஏற்றிவிடப் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா மகள் என்னைப் பார்த்துக் கொக்கரக்கோ என்று ஆரம்பிப்பாள். பஸ் நகரும்வரை விடமாட்டாள். பக்கத்தில் அக்கா வயரைப் பிடுங்குவது போல் கையை இழுத்துக் காட்டுவாள். அதைப் பார்த்ததும் நான் செத்தாக வேண்டும், அப்போதுதான் குழந்தை வாயை மூடும். தாராபுரம் பஸ்சுக்கு நிற்கிற அத்தனை ஜனத்துக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்து, நான் தலையைத் தொங்கப்போடுகிறேன்.